கொலைகாரன் வராத திகில் படம்!

1982-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி, வெள்ளிக்கிழமை.

அமெரிக்கக் கொட்டகைகளில் ஒரு புதுப்படம் வெளியாயிற்று. படத்தின் பெயர் "ஹாலோவீன்-3". கீழே, "சூனியக்காரியின் பருவம்" என்று இன்னொரு பெயர்.

முதல் படத்தைப் பார்த்து நடுங்கியவர்கள் வந்தார்கள். இரண்டாவது படத்தைப் பார்த்தவர்களும் வந்தார்கள். டிக்கெட் வாங்கினார்கள். உள்ளே போய் உட்கார்ந்தார்கள்.

எல்லோரும் எதிர்பார்த்தது ஒருவனை. வெளுத்துப்போன முகமூடி. கையில் நீளமான சமையல் கத்தி. அவன் பெயர் மைக்கேல் மையர்ஸ். பேசமாட்டான். ஓடமாட்டான். மெதுவாக நடந்து வருவான். வந்தால் கொலைதான்!

கால் மணி ஆயிற்று. மைக்கேல் வரவில்லை. அரை மணி ஆயிற்று. வரவில்லை. ஒன்றரை மணிக்கு மேல் ஓடிய படம் முடிந்தது. விளக்குகளும் எரிந்தன. அவன் வரவே இல்லை!

இல்லை, வந்தான். டெலிவிஷனில் வந்தான்! படத்துக்குள் ஒரு மதுக்கடை. அங்கே ஒரு டெலிவிஷன் பெட்டி. அதில் பழைய "ஹாலோவீன்" படத்துக்கு விளம்பரம் ஓடுகிறது. "நீங்கள் தேடி வந்தவன் வெறும் சினிமாப் பாத்திரம்" என்று படமே சொல்லிவிட்டது.

காசு கொடுத்தவனுக்குக் கோபம் வருமா, வராதா?

வந்தது. அந்தக் கோபம் பல ஆண்டுகள் அடங்கவில்லை. "ஏமாற்றுப் படம்" என்றார்கள். "இதற்கு ஏன் இந்தப் பெயர்?" என்றார்கள். சிகாகோ நகர விமரிசகர் ரோஜர் ஈபர்ட், நாலு நட்சத்திரத்துக்கு ஒன்றரைதான் போட்டார்.

இந்தக் கோபம் நியாயமானதுதானா? அதைச் சொல்ல, முதல் படத்தின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு டாலர் முகமூடி

ஹாலோவீன் என்பது அமெரிக்காவில் அக்டோபர் 31-ந் தேதி இரவு கொண்டாடப்படும் வேடிக்கைத் திருநாள். குழந்தைகள் பேய் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். மிட்டாய் கேட்பார்கள். வாசலில் பூசணிக்காயைக் குடைந்து, கண் மூக்கு செதுக்கி, உள்ளே விளக்கு வைத்திருப்பார்கள்.

அந்த இரவை வைத்து 1978-ல் ஒரு படம் எடுத்தார் ஜான் கார்ப்பெண்டர். அப்போது அவருக்கு வயது 30. கையில் இருந்த பணம் 3 லட்சத்துச் சொச்சம் டாலர். ஹாலிவுட்டில் அது காப்பிச் செலவு!

கதை இல்லினாய்ஸ் மாநிலத்தில் நடக்கிறது. படம் பிடித்ததோ காலிபோர்னியாவில். கதையில் இலையுதிர் காலம். படம் பிடித்தது வசந்த காலத்தில். மரத்தில் பச்சை இலைகள்! என்ன செய்வது? காய்ந்த இலைபோல் வர்ணம் பூசிய இலைகளைத் தெருவில் கொட்டினார்கள். ஒரு காட்சி முடிந்ததும் கூட்டி அள்ளினார்கள். அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய் மறுபடி கொட்டினார்கள். அப்படியும் சில காட்சிகளில் தூரத்தில் பனைமரம் தெரிகிறது. இல்லினாய்ஸில் ஏது பனைமரம்? கண்டுபிடித்தவர்கள் சிரித்தார்கள். கோபப்படவில்லை.

வாத்தியக் கோஷ்டி வைக்கப் பணம் இல்லை. கார்ப்பெண்டரே உட்கார்ந்து இசையமைத்தார். பியானோவில் திரும்பத் திரும்ப ஒரே மெட்டு. இன்றைக்கும் அந்த மெட்டைக் கேட்டால் அமெரிக்க ரசிகன் திரும்பிப் பார்ப்பான்.

கொலைகாரனுக்கு முகமூடி வேண்டும். செய்யச் சொன்னால் செலவாகும். படத்தின் கலை வேலைகளைக் கவனித்தவர் டாமி லீ வாலஸ். அவர் ஒரு கடைக்குப் போனார். அங்கே "ஸ்டார் டிரெக்" டெலிவிஷன் கதையில் கேப்டன் கிர்க் வேஷம் போட்ட வில்லியம் ஷாட்னரின் முகம்போல் செய்த ரப்பர் முகமூடி தொங்கியது. விலை இரண்டு டாலருக்கும் குறைவு. வாங்கினார். கண் ஓட்டைகளைப் பெரிதாக வெட்டினார். புருவத்தைப் பிய்த்தார். வெள்ளை வர்ணம் அடித்தார். உலகத்தைப் பயமுறுத்திய முகம் தயார்!

படம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 4 கோடியே 70 லட்சம் டாலர் வசூலித்தது.

வாலஸ் என்ற இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது படத்தின் டைரக்டர் இவர்தான்.

ரசிகர்கள் ஏழைப் படத்தை வெறுத்தவர்கள் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். இலைகளையும் பனைமரத்தையும் இரண்டு டாலர் முகமூடியையும் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். "ஹாலோவீன்-3" படத்துக்கு ஆன செலவு சுமார் 25 லட்சம் டாலர். முதல் படத்தைப்போல் ஏழெட்டு மடங்கு. அதே 1982-ல் வந்த பேய்ப் படமான "போல்டர்கைஸ்ட்" ஒரு கோடி டாலருக்கு மேல் விழுங்கியது. அதனோடு பார்த்தால் "ஹாலோவீன்-3" ஏழை வீட்டுப் பிள்ளைதான். ஆனால் "செலவு குறைவு" என்று யாரும் கொட்டகையை விட்டு எழுந்து போகவில்லை. அவர்கள் கோபம் வேறு.

யோசனை நல்ல யோசனை

1981-ல் இரண்டாவது படம் வந்தது. அதன் முடிவில் மைக்கேல் தீயில் எரிந்தான். அவனைத் துரத்திய டாக்டர் லூமிசும் தீயில் சிக்கினார். கதை தீர்ந்தது என்று எழுதியவர்களே முடிவு கட்டிவிட்டார்கள்.

படாதிபதிகள் விடவில்லை. "மூன்றாவது வேண்டும்" என்றார்கள். கார்ப்பெண்டரும், அவரோடு சேர்ந்து முதல் படத்தை எழுதித் தயாரித்த டெப்ரா ஹில்லும் ஒரு நிபந்தனை போட்டார்கள். "மைக்கேல் கூடாது. புதுக்கதை வேண்டும்." ஹாலோவீன் என்ற பெயரில் ஒவ்வொரு தடவையும் ஒரு தனிக்கதை. புதிய ஆட்கள், புதிய பயம். இதுதான் அவர்கள் திட்டம்.

யோசனையில் தவறு இல்லை. செத்தவனை எழுப்பி எழுப்பி மறுபடி கத்தியைக் கொடுப்பதைவிட எவ்வளவோ மேல்.

கதை எழுத நைஜல் நீலைக் கூப்பிட்டார்கள். இங்கிலாந்தில் "குவாட்டர்மாஸ்" டெலிவிஷன் கதைகளை எழுதி நாட்டையே நடுங்க வைத்தவர் அவர். எழுதிக் கொடுத்தார். படத்தை வெளியிட முன்வந்த டினோ டி லாரென்டிஸ், "ரத்தம் போதாது, கொலை போதாது" என்றார். கதையைத் திருத்தினார்கள். நீல் பார்த்தார். "என் பெயரை எடுத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார். டைரக்டர் வாலஸ் பெயரே கதைக்கும் போடப்பட்டது.

கதை என்ன?

ஓர் இரவில் கடைக்காரர் ஒருவர் உயிருக்குப் பயந்து ஓடுகிறார். கையில் குழந்தைகள் போடும் பூசணிக்காய் முகமூடி ஒன்றை இறுகப் பிடித்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். கோட்டும் சூட்டும் போட்ட ஒருவன் உள்ளே வருகிறான். அவரைக் கொல்கிறான். வெளியே போகிறான். காரில் உட்கார்ந்து, தன்மேல் பெட்ரோலை ஊற்றித் தானே கொளுத்திக்கொள்கிறான்!

ஆஸ்பத்திரி டாக்டருக்கு இது புதிராக இருக்கிறது. செத்தவரின் மகள் எல்லியோடு துப்புத் துலக்கக் கிளம்புகிறார். முகமூடி செய்யும் தொழிற்சாலை இருக்கும் ஊர் சாந்தா மீரா. முதலாளி கோக்ரன், புன்சிரிப்பு மாறாத கிழவர். பூசணிக்காய், மண்டையோடு, சூனியக்காரி என்று மூன்று வகை முகமூடி. நாடு பூராவும் அதே விற்பனை.

விளம்பரமோ ஓயாமல் ஓடுகிறது. "ஹாலோவீன் இரவு 9 மணிக்கு முகமூடியைப் போட்டுக்கொண்டு டெலிவிஷன் முன் உட்காருங்கள், பரிசு உண்டு!" என்று அழைப்பு.

பரிசு என்ன தெரியுமா? சாவு! ஒவ்வொரு முகமூடியிலும் ஒரு சிறு வில்லை. அதற்குள் இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து திருடிய கல்லின் துணுக்கு. விளம்பரத்தில் ஒளி மின்னியதும் துணுக்கு வேலை செய்யும். முகமூடிக்குள் குழந்தையின் தலை சிதையும். உள்ளிருந்து பூச்சிகளும் பாம்புகளும் வெளியே வரும்.

இதை ஒரு சிறுவன்மேல் செய்து பார்க்கும் கட்டம் படத்தில் உண்டு. அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் இருக்கிறார்கள். பையன் சந்தோஷமாக முகமூடியை மாட்டிக்கொண்டு டெலிவிஷனைப் பார்க்கிறான். படத்தைத் திட்டியவர்கள்கூட இந்தக் கட்டத்தைத் திட்டவில்லை. பயங்கரம்!

கடிகாரம் பார்த்தவர்கள்

மைக்கேல் இல்லை என்பது முதல் குற்றச்சாட்டு. அதோடு நிற்கவில்லை.

கொலையாளிகள் மனிதர்களே அல்ல, சாவி கொடுத்த பொம்மைகள் என்று பாதியில் தெரிகிறது. "பொம்மையைப் பார்த்து யார் பயப்படுவது?" என்றார்கள். நியாயம். முகமூடிக்குள் ஒரு மனம் இருக்கிறது என்பதால்தான் மைக்கேலிடம் பயம். கோட்டுப் பொம்மைக்குள் இருப்பது கம்பியும் குழம்பும்.

சூனியக்காரியின் பருவம் என்று பெயர். சூனியக்காரி எங்கே? ஒரு முகமூடியில் மட்டும்! இதற்கும் பதில் இல்லை.

டாக்டர் நடுத்தர வயதுக்காரர். குடிகாரர். மனைவியைப் பிரிந்தவர். அப்பா செத்த துக்கம் ஆறாத இளம் பெண்ணோடு ஓட்டலில் ஒரே அறையில் தங்குகிறார். காதலும் உடனே வந்துவிடுகிறது. பெண்கள் பலர் முகம் சுளித்தார்கள். சுளிக்க வேண்டியதுதான்.

இன்னும் இரண்டு கேள்விகள் இன்றுவரை கேட்கப்படுகின்றன. ஒன்று, அந்தக் கல். டன் கணக்கில் எடையுள்ள கல்லை இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து காலிபோர்னியாவுக்கு எப்படிக் கொண்டுவந்தார்கள்?  "சொன்னால் நம்பமாட்டீர்கள்" என்கிற தோரணையில் சிரித்து மழுப்புகிறார் கிழவர். கதை எழுதியவருக்கே தெரியவில்லை, அதனால் கிழவர் சிரிக்கிறார் என்றார்கள் ரசிகர்கள்!

இரண்டாவது, கடிகாரம். நியூயார்க்கில் இரவு 9 மணி என்றால் காலிபோர்னியாவில் மாலை 6 மணிதான். கிழக்கே 9 மணிக்கு லட்சக்கணக்கில் குழந்தைகள் செத்தால் மேற்கே மூன்று மணி நேரம் இருக்கிறதே! போலீசுக்குத் தெரியாதா? ரேடியோ அலறாதா? டெலிவிஷன்காரன் மேற்கில் விளம்பரத்தைப் போடுவானா? பள்ளிக்கூடப் பையன்கூடக் கேட்பான்.

கேள்வி சரி. ஆனால் ஒரு விஷயம்.

முதல் படத்தில் மைக்கேல் ஆறு வயதில் மனநோய் ஆஸ்பத்திரிக்குள் போனவன். 15 வருஷம் கழித்துத் தப்புகிறான். தப்பியதும் என்ன செய்கிறான்? கார் ஓட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போகிறான்! ஆறு வயதில் உள்ளே போனவனுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது யார்? கல்லைவிடப் பெரிய ஓட்டை இது. அந்தப் படத்திலேயே ஒரு பாத்திரம் இதைக் கேட்கிறது. கொட்டகையில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பயந்துகொண்டிருந்தவனுக்குக் கணக்குப் பார்க்க நேரம் ஏது?

மூன்றாவது படத்தில் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஏன் பார்த்தார்கள்? வருவான் வருவான் என்று ஒருவனுக்காகக் காத்திருந்தார்கள். காத்திருக்கிறவன் கடிகாரத்தைத்தான் பார்ப்பான். கண் திரையில் இருந்தது, மனம் வாசலில் இருந்தது. அந்த நிலையில் உலகத்திலேயே நல்ல படத்தைக் காட்டினாலும் குற்றம்தான் தெரியும்.

யார் தந்திரம் பெரிது?

படக்காரர்கள் தரப்பில் ஒரு வாதம் உண்டு. சுவரொட்டியில் மைக்கேல் படம் இல்லை. வேஷம் போட்ட குழந்தைகளின் நிழலுருவமும், மேலே வானத்தில் ஒரு கோர முகமும்தான் போட்டிருந்தார்கள். "நாங்கள் பொய் சொல்லவில்லையே!" என்று சொல்லலாம்.

சொல்லலாம். ஆனால் "3" என்று ஓர் எண் போட்டார்களே? ஒன்றும் இரண்டும் ஒரே ஆள் கதை. மூன்று என்றால் யாருக்கும் என்ன தோன்றும்? ஜிலேபிக் கடை என்று பலகை. இரண்டு நாள் ஜிலேபி வாங்கித் தின்றான் ஒருவன். மூன்றாம் நாள் அதே பலகையைப் பார்த்துப் போனான். பொட்டலத்தைப் பிரித்தால் முறுக்கு! "பலகையில் ஜிலேபி படம் இல்லையே" என்றால் அவன் ஒப்புக்கொள்வானா? முறுக்கு நல்ல முறுக்காகவே இருக்கட்டும். அவன் நாக்கு இனிப்புக்குத் தயாராகப் போனதல்லவா?

புதுக்கதை எடுக்கத் துணிந்தவர்களுக்குப் பெயரை விடத் துணிவில்லை. பழைய பெயர் கூட்டத்தைக் கூட்டும், புதுக்கதை வந்த கூட்டத்தை மயக்கிவிடும் என்று நினைத்தார்கள். ரசிகனின் கோபம் அங்கேதான் விழுந்தது. சரியான இடத்தில்தான் விழுந்தது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. படத்தின் கதையே விளம்பர மோசடி! கோக்ரன் என்ன செய்கிறான்? "பரிசு உண்டு" என்று சொல்லிக் குழந்தைகளை டெலிவிஷன் முன் உட்கார வைக்கிறான். படத்தை விற்றவர்கள் என்ன செய்தார்கள்? "3" என்று சொல்லிப் பெரியவர்களைத் திரை முன் உட்கார வைத்தார்கள்! படத்தில் கேட்கும் விளம்பரக் குரலே டைரக்டர் வாலசின் குரல். "லண்டன் பாலம்" என்ற பழைய குழந்தைப் பாட்டின் மெட்டில் விளம்பரப் பாட்டு. யாருக்கும் உரிமைப் பணம் தர வேண்டாத மெட்டு. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போகும். வீட்டுக்குப் போனாலும் விடாது. "அந்தப் பாட்டுதான் படத்தின் நிஜமான பேய்" என்று சொல்கிறவர்கள் உண்டு. பொய்யில்லை.

வசூல் அமெரிக்காவில் சுமார் ஒரு கோடியே 44 லட்சம் டாலர். போட்ட 25 லட்சத்தோடு பார்த்தால் பெரும் நஷ்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டாவது படம் இரண்டரைக் கோடி வசூலித்திருந்தது. முதல் படத்தின் வசூலோ அதைவிட மிகப் பெரிது. படிப்படியாக இறங்கிய கணக்கைத்தான் படாதிபதிகள் பார்த்தார்கள். வருஷத்துக்கு ஒரு புதுக்கதை என்ற திட்டம் அத்தோடு குழியில் விழுந்தது.

பெட்டிக்குள் வந்த மறுவாழ்வு

கொட்டகையில் செத்த படம் வீட்டில் எழுந்து உட்கார்ந்தது!

வீடியோ நாடாக்கள் வந்தன. டெலிவிஷனில் அக்டோபர் மாதம்தோறும் பழைய திகில் படங்கள் ஓடின. 1982-ல் பிறந்தேயிராத குழந்தைகளும், அப்போது கொட்டகைக்குள் போகக் கூடாத வயதிலிருந்தவர்களும் இந்தப் படத்தைப் பார்த்தார்கள். "இதில் மைக்கேல் இல்லை" என்பது அவர்களுக்கு முன்னாலேயே தெரியும். அல்லது மைக்கேல் யார் என்றே தெரியாது. யாருக்காகவும் காத்திருக்கவில்லை. திரையில் இருப்பதைப் பார்த்தார்கள்.

பயந்தார்கள்!

டீன் கண்டி பிடித்த இருட்டான படங்கள் அழகு என்றார்கள். கார்ப்பெண்டரும் ஆலன் ஹோவார்த்தும் மின்சார வாத்தியத்தில் போட்ட இசையைத் தனியாக வாங்கிக் கேட்டார்கள். கோக்ரனாக வந்த டான் ஓ'ஹெர்லிஹியை மெச்சினார்கள். சிரித்துக்கொண்டே குழந்தைகளைக் கொல்லத் திட்டமிடும் கிழவரை மறக்க முடியாதுதான்.

முடிவுக் கட்டத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். தொழிற்சாலையிலிருந்து தப்பி வந்த டாக்டர் டெலிபோனைப் பிடித்துக் கதறுகிறார். "விளம்பரத்தை நிறுத்துங்கள்!" ஒரு டெலிவிஷனில் நிற்கிறது. இரண்டாவதிலும் நிற்கிறது. மூன்றாவதில் நிற்கவில்லை. பூசணிக்காய் மின்னுகிறது. டாக்டர் அலறுகிறார். படம் முடிகிறது. குழந்தைகள் பிழைத்தார்களா? சொல்லவில்லை.

1982-ல் இதே முடிவைப் பார்த்து "அரைகுறை" என்றவர்கள் இருந்தார்கள். இன்றைக்கு "அபாரம்" என்கிறார்கள். பிலிம் அதே பிலிம்தான்.

2018-ல் வந்த புதிய "ஹாலோவீன்" படத்தில் மூன்று குழந்தைகள் தெருவில் நடக்கிறார்கள். அவர்கள் போட்டிருப்பது பூசணிக்காய், மண்டையோடு, சூனியக்காரி முகமூடிகள்! ஒரு காலத்தில் ரசிகர்கள் காறித் துப்பிய படத்துக்கு அந்தக் குடும்பத்திலேயே மரியாதை.

இதைப் பார்த்துவிட்டு, "அன்றைக்குத் திட்டியவர்கள் முட்டாள்கள்" என்று சிலர் சொல்லக் கிளம்பியிருக்கிறார்கள். அது அநியாயம். அன்றைக்குக் காசு கொடுத்தவனுக்குச் சொன்ன பொருள் கிடைக்கவில்லை. இன்றைக்குப் பார்ப்பவனுக்கு யாரும் எதையும் சொல்லி அனுப்பவில்லை. இருவர் தீர்ப்பும் சரி. ஒரே படத்துக்கு இரண்டு தீர்ப்பு இருக்கக் கூடாது என்று சட்டமா?

அதே 1982-ல் கார்ப்பெண்டரின் "தி திங்" படமும் வெளிவந்தது. அதையும் அன்றைக்கு உதைத்துத் தள்ளினார்கள். பிறகு தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஆனால் அதையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. "தி திங்" படத்தைத் திட்டியவர்கள் தவறாகத் திட்டினார்கள். "ஹாலோவீன்-3" அப்படி அல்ல. நடுவில் தொய்வு இருக்கிறது. காதல் ஒட்டவில்லை. கொலைகளில் சில, கணக்குக்காகச் செருகியவை. புதிய ரசிகர்கள் இதையெல்லாம் மறைத்துப் பேசுகிறார்கள். முறுக்கு நல்ல முறுக்குதான். கொஞ்சம் நமுத்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டாமா?

டைரக்டர் வாலஸ் திறமையில்லாதவர் அல்ல. 1990-ல் ஸ்டீபன் கிங் கதையான "இட்" டெலிவிஷன் படத்தை எடுத்தவர் அவர்தான். கோமாளி வேஷத்தில் வரும் அந்தப் பேயைப் பார்த்து ஒரு தலைமுறைக் குழந்தைகள் தூக்கம் கெட்டுப்போனார்கள்.

மறுபடி மைக்கேல்!

படாதிபதிகள் கற்ற பாடம் ஒன்றே ஒன்று: "ரசிகனுக்கு மைக்கேல்தான் வேண்டும்."

1988-ல் நாலாவது படம் வந்தது. சந்தேகமே வேண்டாம் என்று பெயரிலேயே எழுதிவிட்டார்கள்: "மைக்கேல் மையர்ஸ் திரும்பி வந்தான்". தீயில் வெந்தவன் எப்படி வந்தான் என்று கேட்கக் கூடாது! 1988 முதல் 2022 வரை பத்துப் படங்கள். பத்திலும் மைக்கேல்.

ரசிகன் "ஏன் பலகையை மாற்றவில்லை?" என்று கேட்டான். அவர்கள் காதில் விழுந்ததோ "ஏன் சரக்கை மாற்றினாய்?" என்பதுதான். இந்தச் சின்ன வித்தியாசத்தில் எத்தனை புதுக்கதைகள் போயினவோ! பலகையில் "3" என்ற எண் இல்லாமல், "இது வேறு கதை" என்று ஒரு வரி சேர்த்திருந்தால், வருகிறவன் தெரிந்து வந்திருப்பான். கூட்டம் குறைந்திருக்கலாம். கோபமும் குறைந்திருக்கும்.

2022 அக்டோபரில் "ஹாலோவீன் எண்ட்ஸ்" வந்தது. ஹாலோவீன் முடிகிறது என்று பொருள். கதை கோரி என்ற புதிய வாலிபனைச் சுற்றிப் போயிற்று. மைக்கேல் வெகு நேரம் கழித்தே தலைகாட்டினான். வந்தும் அதிக நேரம் இல்லை. படத்தின் ஆரம்ப எழுத்துக்கள் நீல நிறத்தில், "ஹாலோவீன்-3" எழுத்துக்களைப் போலவே செய்யப்பட்டிருந்தன. தெரிந்தவர்கள் அதைப் பார்த்ததுமே உஷாரானார்கள்.

மற்றவர்கள் படம் முடிந்து வெளியே வந்து கேட்டார்கள், 40 வருஷத்துக்கு முன் கேட்ட அதே கேள்வியை: "மைக்கேல் எங்கே?"